திரும்பிப் பார்க்கிற நாய்

உக்காருங்கக்கா, கடிக்காது. சீட்டுக்கு அடியிலதான் படுத்திருக்கு. காலை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கமா வெச்சுக்கங்க, வாலை மிதிச்சிடாம. அவ்ளோதான். பெட்டியில பாதி காலியாத்தான் கிடக்கு, சத்தத்துலயே தெரியுது. அப்பிடியிருந்தும் நாய்க்குப் பக்கத்துல வந்து உக்கார்றீங்க பாருங்க, உங்களுக்கு தைரியந்தான். திருச்சியிலேருந்து மணப்பாறை வரைக்கும் என் பக்கத்துல ஒருத்தர் வரலை. வர்றாங்க, பாக்கறாங்க, 'ஐயோ நாயி'ன்னு அந்தப் பக்கம் ஓடிடறாங்க.

முறுக்கா? ஐயோ வேணாங்க. சரி, ஒண்ணு குடுங்க. மணப்பாறை முறுக்கை வேணாம்னு சொன்னா நல்லாருக்காது. அதுக்கு மட்டும் குடுத்துடாதீங்க. தடவியும் குடுக்கக் கூடாது. முதுகுல பட்டை மாட்டி ஒரு கைப்பிடி இருக்கு பாருங்க, அது இருக்கிற வரைக்கும் அது வேலையில இருக்குன்னு அர்த்தம். ஆபீஸ்ல வேலை பாக்கற மனுஷனைப் போய் கன்னத்தைக் கிள்ளுவீங்களா? மாட்டீங்கல்ல. அதே கதைதான்.

அது பேரு ரூபி. என் பேரா? அங்கயற்கண்ணி. சிரிங்க, பரவால்ல. மீன் மாதிரி கண்ணு உள்ளவள்னு அர்த்தம். பேரெல்லாம் வெச்சு, ஊரைக் கூட்டி சாப்பாடு போட்டு, அப்புறந்தான் எனக்குப் பார்வையே இல்லைன்னு கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் பேரை மாத்த முடியுமா? கயல்னு கூப்பிடுவாங்க. ஸ்கூல்ல கயல் டீச்சர். புத்தூர்ல ஒரு பொண்ணுங்க ஸ்கூல்ல ஹிஸ்டரி எடுக்கறேன். எப்பிடிச் சமாளிக்கறேன்னு எல்லாரும் கேப்பாங்க. காதுதான். கடைசி பெஞ்சுல எவ மிட்டாய் பிரிக்கறான்னு பேரைச் சொல்லிடுவேன். வராந்தாவுல ஹெச்.எம். வர்றாங்களா, பியூன் வர்றாரான்னு நடையிலயே சொல்லிடுவேன். என்கிட்டேருந்து யாரும் ஒளிய முடியாது.

வையம்பட்டி போயிடுச்சா? சும்மா கேட்டேன். எனக்கே தெரியும். நான் யார்கிட்டயும் எதுவும் கேக்கறதில்லை, என் வேலையை நானே பாத்துக்குவேன். போயிடுச்சுன்னா மட்டும் சொல்லுங்க.

நீங்க மதுரைக்கா, பொண்ணு வீட்டுக்கா? நான் திண்டுக்கல்ல இறங்கறேன். இதைத் திருப்பிக் குடுக்கத்தான் போறேன். ஆமாக்கா, ரூபியைத்தான். ஊருக்கு வெளியில ஒரு பயிற்சி நிலையம் இருக்கு, அங்கதான் என்கிட்டக் குடுத்தாங்க. ஐசக்னு ஒரு சார், அவருதான் பழக்கினது. ஸ்டேஷன் வாசல்ல வந்து நிக்கறேன்னிருக்காரு. பிளாட்பாரத்துக்கு வராதீங்க சார், வாசலுக்கு நானே வந்துடுவேன்னு சொல்லிட்டேன். கடைசி நாளு. அந்த வாசல் வரைக்குமாவது ஒழுங்காக் கூட்டிட்டுப் போகுதான்னு பாப்போம்.

இதுகிட்ட என்ன குறைன்னு கேக்கறீங்களா? சொல்றேன். அதுக்கு முன்னாடி எங்கப்பாவைப் பத்திச் சொல்லணும், அப்பதான் உங்களுக்குப் புரியும்.

எங்கப்பா சிங்காரவேலு. டவுன் பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. சர்வீஸ் பூரா நின்னே பழகினவரு, வீட்டுல கூட உக்கார மாட்டாரு, நிலைப்படியில சாஞ்சுக்கிட்டேதான் காபி குடிப்பாரு. சின்னப் பிள்ளையிலேருந்து அவரு தோளைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் நடந்தேன். காலேஜ், பி.எட்., வேலை, எல்லாம் அந்தத் தோள்தான். நல்ல மனுஷன், இல்லைங்கலை. ஆனா அந்தத் தோளை விட்டா எனக்கு உலகமே கிடையாதுக்கா. சேலை எடுக்கப் போனா கலரை அவருதான் சொல்வாரு. 'இது உனக்கு நல்லாருக்கும்மா.' எனக்கு எது நல்லாருக்கும்னு எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். வெளியூர் போனா பாத்ரூம் வாசல்ல நின்னு 'ஆச்சாம்மா?'ன்னு குரல் குடுப்பாரு. எனக்கு முப்பது வயசு தாண்டியாச்சு! ரிட்டயர் ஆனதும் இன்னும் மோசம். காலையில ஸ்கூல்ல விட்டுட்டு, எதிர்த்த டீக்கடையிலயே சாயங்காலம் பெல் அடிக்கிற வரைக்கும் நிப்பாரு. பிள்ளைங்க 'மிஸ்ஸோட வாட்ச்மேன்'னு பேரு வெச்சிருந்தாளுங்க. எனக்குக் கேக்காதுன்னு நினைச்சு.

குச்சி வெச்சு நடந்து பாத்தேன். உறையூர் தெருவுல குச்சி என்ன பண்ணும்? பைக்கு, மணல் குவியல், மூடி இல்லாத சாக்கடை. ஒரு நாள் சாக்கடையில இறங்கிட்டேன். தூக்கினது அப்பாதான். மறுநாள்லேருந்து குச்சியைக் காணோம். யாரு ஒளிச்சு வெச்சிருப்பான்னு நீங்களே சொல்லுங்க.

அப்புறந்தான் ரூபி. வீட்டுல சொல்லாம மனு போட்டேன். திண்டுக்கல்ல தங்கி, இதுகூடவே நடந்து பழகி, கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்னைக்கு அப்பா ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "ஏம்மா, என் தோளு தேயுதுன்னு நான் என்னைக்காச்சும் சொன்னனா?" நானும் சூடா, "உங்க தோளு தேயலை, நான்தான் தேஞ்சுக்கிட்டு இருக்கேன்"ன்னுட்டேன். நல்லாத்தானே சொன்னேன்? அதுலேருந்து என்கிட்டப் பேச்சை நிறுத்திட்டாரு. ஒரு வார்த்தை கிடையாது. அம்மா மூலமாத்தான் எல்லாம்.

போகட்டும். மொதல் மொதல்ல தனியா ஸ்கூலுக்குக் கிளம்பினேன் பாருங்க! அம்மா வாசல்ல நின்னு அழுவுறாங்க. அப்பா வீட்டுலயே இல்லை, கோவம், முன்னாடியே வெளிய போயிட்டாரு. நான் கைப்பிடியைப் பிடிச்சேன், 'போ'ன்னேன், போனேன். எங்க தெரு முக்குல ஒரு நாய்க்கூட்டம் உண்டுக்கா, எமகாதக நாயிங்க, பால்காரரையே விடாது. ஒண்ணு குரைக்கலை. எங்கயோ ஒதுங்கிடுச்சுங்க. ரூபிக்குப் பயந்துதான், வேற என்ன. மீன் மார்க்கெட் பக்கத்துல எப்பவும் ரோட்டுக்குக் குறுக்கால வண்டி நிக்கும், எனக்குன்னு வழி விட்டுட்டாங்க. புத்தூர் நால்ரோட்டுல நான் போய் நின்னதும் போலீஸ்காரரு ஒரு விசில் அடிப்பாரு, அத்தனை வண்டியும் நின்னுடும். நான் அந்தப் பக்கம் போய்ச் சேந்ததும் ரெண்டு விசில், எல்லாம் கிளம்பும். ராஜ மரியாதை! ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் கை குலுக்கினாங்க. 'கயல், நாங்களே அந்த ரோட்டைத் தாண்டப் பயப்படுவோம்'னு ஜெசிந்தா டீச்சர் சொன்னாங்க. அன்னைக்கு நான் தூங்கலைக்கா. தனியாப் போனேன், தனியா வந்தேன்னு அதையே நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன். அப்பிடி ஒரு சந்தோஷம் எனக்கு அதுக்கு முன்னாடி வந்ததில்லை.

அய்யலூரா இது? ஸ்டேஷன்ல நிக்கறது கேக்குது, அதான் கேட்டேன்.

இப்ப குறைக்கு வர்றேன். இந்தக் கழுதை திரும்பிப் பாக்குது. நடந்துக்கிட்டே இருக்கும், திடீர்னு வேகம் குறையும், தலை பின்னாடி திரும்பறது கைப்பிடியில எனக்குத் தெரியும். வால் என் கால்ல அடிக்கும். சந்தோஷமா ஆட்டுது! யாரைப் பாத்து? பின்னால ஒருத்தரும் கிடையாது. நின்னு காது குடுத்துக் கேட்டுட்டேன், பல தடவை. யாரும் இல்லை. மறுபடி நடப்போம், மறுபடி திரும்பும். திட்டினேன். பிஸ்கட்டை நிறுத்தினேன். ஒரு நாள் முதுகுல ஒண்ணு வெச்சேன், அதுக்கும் திரும்பிப் பாத்துட்டுத்தான் நடந்துச்சு.

போன வாரம் உயிரே போயிருக்கும். நால்ரோட்டுல பாதி ரோட்டைத் தாண்டிட்டேன். நட்ட நடுவுல நின்னுடுச்சு. நின்னு, முழுசா உடம்பையே திருப்பிடுச்சு, 'போ'ங்கறேன், இழுக்கறேன், கல்லு மாதிரி நிக்குது. ஒரு ஆட்டோக்காரன் என்னை ஒட்டி வந்து பிரேக் போட்டான். விழுந்து முட்டி பேந்துபோச்சு. அப்புறம் அதுவா நடந்துச்சு. இப்ப சொல்லுங்க, இதை நம்பி நான் எப்பிடி ரோட்டுல இறங்கறது? திருப்பி விடறதைத் தவிர வேற வழி? மறுபடி அந்தத் தோளைத்தான் பிடிக்கணும். ஆனா உயிரு வேணும்ல.

அதுல ஒரு கூத்தைக் கேளுங்க. அன்னைக்கு நான் முட்டியில ரத்தத்தோட வீட்டுக்கு வர்றேன், அம்மா எனக்கு மஞ்சள் வெக்கணுமா வேணாமா? அப்பாவுக்குக் கால்ல கட்டு போட்டுக்கிட்டு இருக்காங்க. என்னன்னா, அவரு கண்ணாடித் துண்டை மிதிச்சுட்டாராம். எங்கன்னு கேட்டா அம்மா கட்டை இறுக்கறாங்க. மிதிக்காம? செருப்பு போட்டாத்தானே! ரூபி வந்த நாள்லேருந்து அவரு ஒரு மாதிரி ஆயிட்டாரு. வெறுங்கால்ல ஊரைச் சுத்தறாரு. கேட்டா வேண்டுதல்ங்கறாங்க அம்மா. என்ன சாமிக்கு என்ன வேண்டுதல்னு கேட்டா அடுப்படிக்குப் போயிடறாங்க. மூக்குப்பொடி போடுவாரு, எத்தனையோ வருஷப் பழக்கம், அடுத்த தெருவுல வந்தாலே எனக்கு வாசனை வந்துடும். அதையும் விட்டுட்டாரு. டாக்டரு சொன்னாராம். எந்த டாக்டரு? நாங்க எல்லாரும் கெஞ்சினப்ப விடாத மனுஷன். என்மேல இருக்கற கோவத்துல பொடியையே வெறுத்துட்டாருன்னு வெச்சுக்கங்க.

ஐசக் சாருக்கு போன் பண்ணி நாயோட லட்சணத்தைச் சொன்னேன். அவரு, "டீச்சர், ரூபி வேடிக்கை பாக்கற ஜாதி இல்லை. வீட்டு ஆளு யாராச்சும் பின்தங்கி நின்னாதான் அப்பிடித் திரும்பும், ஒருத்தரை விட்டுட்டு வர அதுக்கு மனசு வராது. உங்க பின்னாடி யாராச்சும் வர்றாங்களா?"ன்னு கேக்கறாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சார், என் பின்னாடி எறும்பு வந்தாக்கூட எனக்குத் தெரியும்னேன்.

என்னக்கா, சத்தத்தையே காணோம்? முறுக்குச் சத்தம் கூட நின்னுபோச்சு. தூங்கிட்டீங்களா? இல்லையே, மூச்சு முழிச்ச மூச்சாத்தானே இருக்கு.

நேத்து ராத்திரி நான் பையில துணி வைக்கறேன், அப்பா வாயைத் திறந்தாரு. இவ்வளவு நாள் கழிச்சு. "அதை ஏம்மா கொண்டு விடுறே? அது மேல தப்பில்லை, நல்ல நாயி"ன்னாரு. யாரு சொல்றது பாருங்க! அது வீட்டுக்குள்ள வந்த அன்னைக்கு மூஞ்சியைத் திருப்பிக்கிட்ட ஆளு. "தப்பில்லைன்னா யாரு மேல தப்பு, என் மேலயா?"ன்னு கேட்டேன். அவ்ளோதான், வெளிய போயிட்டாரு. காலையில நான் கிளம்பறப்ப ஆளே இல்லை. முடி வெட்டப் போயிருக்காராம். மகள் ரயில் ஏறுற நேரத்துலதான் அவருக்கு முடி வளருது.

பாருங்க, பாருங்க. ஆரம்பிச்சிடுச்சு. எழுந்து நிக்குது. என் கால்ல வால் அடிக்குது, உங்க கால்லயும் அடிக்குதா? ரயில்லயுமா? ஏய் ரூபி, படு. படுங்கறேன்ல. கதவு பக்கமாத்தானே பாக்குது? அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. கதவுகிட்ட யாரு நிக்கறா?

யாரும் இல்லையா.

ரொம்ப வேகமாச் சொல்லிட்டீங்களே. நான் டீச்சர், அக்கா. 'யாருமில்ல மிஸ்'ஸை எந்த வேகத்துல சொன்னா பொய்யின்னு எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்லுங்க, யாரு நிக்கறா? ஆம்பளையா? வயசானவரா? சீட்டுத்தான் காலியா இருக்கே, அவரு ஏன் உக்காரலை? கம்பியைப் பிடிச்சிருக்காரா? பிடிக்கலை. முதுகை மட்டும் பலகையில சாச்சுக்கிட்டு, ரெண்டு கையும் சும்மா. வண்டி ஆடுது, அவரு ஆடலை. அப்பிடித்தானே?

கால்ல பாருங்க. சொல்லுங்கக்கா. கட்டு இருக்கா? செருப்பு?

கையில பை இருக்கும். மஞ்சப்பை. அதுக்குள்ள செருப்பு இருக்கும்.

நீங்க இங்க வந்து உக்காந்தது அவரு சொல்லித்தானா? தலையை ஆட்டாதீங்க, எனக்குத் தெரியாது, வாயால சொல்லுங்க. 'பொண்ணு தனியாப் போகுது, பக்கத்துல உக்காந்துக்கங்கம்மா'ன்னாரா. சரி. கையில முறுக்கைக் குடுத்துவிட்டதும் அவருதானா? சரி, சரி. நல்லாருக்கு.

கொஞ்சம் இருங்க.

ரெண்டு விசில்! எனக்கு ஏன் உறைக்கலை? எந்தப் போலீஸ்காரன்க்கா ரெண்டு விசில் அடிப்பான்? ஒண்ணு அடிச்சா நிறுத்து, ரெண்டு அடிச்சா ரைட்டு, அது கண்டக்டர் விசில். அதைக் கேட்டுக்கிட்டேதான் நான் வளந்தேன். அதைப் போலீஸ்னு நினைச்சு ராஜ மரியாதைன்னு ஸ்டாஃப் ரூம்ல பீத்திக்கிட்டிருந்தேன். தெருமுக்கு நாய்ங்க? பொறை பிஸ்கட் வாங்கிப் போட்டுப் பழக்கியிருப்பாரு, நான் கிளம்பறதுக்கு முன்னாடியே. அதான் காலங்காத்தால ஆளைக் காணோம். மீன் மார்க்கெட்ல வழி விட்டதும் எனக்கில்லை, ரூபிக்கும் இல்லை, பின்னால கையைக் காட்டிக்கிட்டே வந்த மனுஷனுக்கு. அம்மாவுக்குத் தெரியும். ஜெசிந்தாவுக்கே தெரிஞ்சிருக்கும். பிள்ளைங்களுக்கெல்லாம் தெரியும். எனக்கு மட்டுந்தான் தெரியாது.

எனக்கு அழுகை வரலைக்கா. ஆத்திரந்தான் வருது. தனியாப் போனேன், தனியா வந்தேன்னு ராத்திரி பூரா முழிச்சுக் கிடந்தேனே, அது பொய்யா? ஒரு நாள் கூட, ஒரே ஒரு தெரு கூட நான் தனியாப் போகலையா? குச்சியை எடுத்து ஒளிச்ச மாதிரி இதையும் எடுத்துக்கிட்டாரே. அந்தக் கண்ணாடித் துண்டு நால்ரோட்டுலதான் குத்தியிருக்கு. நடு ரோட்டுல அவரு காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்காரு, இது அவரை விட்டுட்டு வரமாட்டேன்னு நின்னிருக்கு. எனக்கு முட்டி பேந்தப்ப ஓடி வந்து தூக்காம, பல்லைக் கடிச்சுக்கிட்டு, சத்தம் போடாம பின்னால நின்னிருக்காரு பாருங்க. எங்கப்பாவுக்கு அது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். குத்தின கால் வலிச்சிருக்காது, அதுதான் வலிச்சிருக்கும்.

இங்க வா ரூபி. உன்னை அடிச்சேன்ல. நீ பாட்டுக்குச் சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கே, நான்தான் கேக்கலை. அக்கா, அந்த முறுக்குல ஒரு துண்டு குடுங்க. வேலையில இருந்தா என்ன, குடுங்க.

வடமதுரை போயிடுச்சா? இப்ப நிஜமாவே கேக்கறேன்.

அப்ப நேரம் இல்லை. ஒரு உதவி பண்ணணும் நீங்க. திண்டுக்கல்ல வண்டி நல்லா நிக்கும். நான் இந்தப் பக்கக் கதவு வழியா இறங்குவேன். அவரு அந்தக் கதவுல இறங்கி, தள்ளி நிப்பாரு. நீங்க ஜன்னல் வழியா அவரைக் கூப்பிட்டு, மதுரையில இறங்கி உங்க பொண்ணு வீட்டுக்கு எந்த பஸ்ல போகணும், எங்க மாறணும்னு கேளுங்க. உங்களுக்குத் தெரியும்னாலும் கேளுங்க. ஒருத்தர் வழி கேட்டா பாதியில விட்டுட்டுப் போக அவரால முடியாது, சர்வீஸ் அப்பிடி. ஸ்டாப்பிங் எல்லாம் சொல்லி, எங்க இறங்கினா நடை கம்மின்னு சொல்லி முடிச்சுட்டுத்தான் நகருவாரு. ரெண்டு தரம் கேளுங்க. புரியலைன்னு சொல்லுங்க. அவரு தவிப்பாரு, என் பக்கம் திரும்பித் திரும்பிப் பாப்பாரு, நீங்க விடாதீங்க.

அவரை ஏமாத்தறதுக்கு இல்லைக்கா. வாசல் வரைக்கும். அந்தப் பிளாட்பாரம், அந்தப் படிக்கட்டு, வாசல்ல ஐசக் சாரு. அவ்வளவுதான் கேக்கறேன். நானும் இதுவும் மட்டும். இது திரும்பிப் பாக்கும், தெரியும். பாக்கட்டும். பாத்துட்டு நடக்கும். சாருகிட்ட, நாய்மேல ஒரு குறையும் இல்லை, கூட்டிட்டுப் போறேன்னு சொல்லணும். அதை நானே போய்ச் சொல்லணும்.

வேகம் குறையுது. கைப்பிடி எங்க, ஆங். என் பையை நான் எடுத்துக்கறேன், விடுங்க. படி எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும். ஜன்னல் பக்கம் நகந்துக்கங்க.

நான் வாசலைத் தாண்டினதும் வழி புரிஞ்சுடுச்சுன்னு சொல்லிடுங்க, பாவம். சொல்லிட்டு அவரை செருப்பு போட்டுக்கிட்டு வரச் சொல்லுங்க. கால் புண்ணு ஆறலை. அந்தச் சத்தம் எனக்கும் கேக்கட்டும்.